டேப் டிரைவில் ஹார்டுவேர் கம்ப்ரஷன் உண்மையிலேயே வேலை செய்கிறதா? படிப்படியாகக் கண்டுபிடிக்கும் வழி

எல்டிஓ என்பது பேக்கப்புக்குப் பயன்படும் காந்த டேப் வகை, அதன் பின்னால் வரும் எண் தலைமுறை. எல்டிஓ-6 கார்ட்ரிட்ஜின் உறையில் 6.25 டிபி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. உங்கள் பேக்கப் மென்பொருளோ 2.4 டிபி எழுதியதுமே டேப் நிறைந்துவிட்டது, அடுத்ததைப் போடு என்கிறது. உடனே எழும் கேள்வி, "கம்ப்ரஷன் (எழுதும் முன் டேட்டாவை டிரைவே சுருக்குவது) ஆன் ஆகியிருக்கிறதா இல்லையா?" கேள்வி சரிதான், ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. டிரைவில் கம்ப்ரஷன் இயங்குகிறதா என்பது ஒன்று, நீங்கள் அனுப்பும் டேட்டா சுருங்கக்கூடிய டேட்டாதானா என்பது இன்னொன்று. இரண்டையும் பிரிக்காமல் தேடினால் நாள் முழுக்கத் தேடினாலும் பதில் கிடைக்காது, ஏனென்றால் கம்ப்ரஷன் அணைந்திருந்தாலும் டேட்டா சுருங்காவிட்டாலும் மென்பொருள் காட்டும் எண் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: எல்டிஓ டிரைவ்கள் மின்சாரம் வந்ததும் கம்ப்ரஷன் ஆன் நிலையில்தான் எழுந்திருக்கின்றன. ஆகவே முதலில் சந்தேகப்பட வேண்டியது டேட்டாவை, அடுத்து பேக்கப் மென்பொருளை, கடைசியாகத்தான் டிரைவை. ஆனால் சோதிக்கும்போது டிரைவிலிருந்து தொடங்குவதுதான் சுலபம், அரை மணி நேரத்தில் அதை முடித்துவிடலாம்.

இன்னொரு விஷயம். கட்டளைகளின் பெயர்களை இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். பெரும்பகுதி லினக்ஸை வைத்துத்தான், மற்றவற்றுக்குத் தனியாகக் கொஞ்சம் பின்னால் வரும்.

முதலில் கணக்கைச் சரிபாருங்கள்

பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும். சுருக்கம் இல்லாமல் ஒரு டேப்பில் பிடிக்கும் அளவு இது: எல்டிஓ-4 என்றால் 800 ஜிபி, எல்டிஓ-5 1.5 டிபி, எல்டிஓ-6 2.5 டிபி, எல்டிஓ-7 6 டிபி, எல்டிஓ-8 12 டிபி, எல்டிஓ-9 18 டிபி. உறையில் இருக்கும் பெரிய எண் இதை எல்டிஓ-5 வரை 2 ஆலும், எல்டிஓ-6 முதல் 2.5 ஆலும் பெருக்கி வந்தது. அந்தப் பெருக்கல் ஒரு விளம்பர அனுமானம், வாக்குறுதி அல்ல. 2 என்பது 2.5 ஆனதற்கு ஒரு காரணம் இருக்கத்தான் செய்கிறது: டிரைவின் சுருக்கும் சில்லு திரும்பிப் பார்க்கும் பஃபர் எல்டிஓ-5 வரை 1 கேபியாக இருந்தது, எல்டிஓ-6 இல் 16 கேபி ஆனது. இந்த 16 கேபி என்ற எண்ணை நினைவில் வையுங்கள், சோதனையில் மறுபடி வரும்.

அப்புறம், டேப் தயாரிப்பவர்கள் 1000 ஆல் எண்ணுகிறார்கள், பல மென்பொருள்கள் 1024 ஆல் எண்ணிவிட்டு அதையும் டிபி என்றே காட்டுகின்றன. 2.5 டிபி அப்படி எண்ணினால் 2.27. 18 டிபி 16.37 ஆகிவிடும். உங்கள் எல்டிஓ-6 டேப் 2.27 இல் நிறைந்தால் எங்கும் எதுவும் தொலையவில்லை, சுருக்கம் மட்டும் நடக்கவில்லை. அதற்கும் கணிசமாகக் குறைவான எண்ணில் நிறைகிறதென்றால் அது கம்ப்ரஷன் சம்பந்தப்பட்டதே அல்ல. எழுதும்போது பிழை வந்து டிரைவ் அதே டேட்டாவை மறுபடி மறுபடி எழுதுகிறது என்று அர்த்தம், கிளீனிங் கார்ட்ரிட்ஜைப் போட்டுவிட்டு வேறொரு டேப்பில் முயன்று பாருங்கள்.

தயாரிப்பு

பேக்கப் மென்பொருளின் சேவையை நிறுத்துங்கள், அல்லது அந்த டிரைவை மட்டும் அதன் கட்டுப்பாட்டிலிருந்து விடுவியுங்கள். இரண்டு பேர் ஒரே டிரைவில் கை வைத்தால் கிடைக்கும் எண்களுக்கு மதிப்பில்லை.

தேவையே இல்லாத ஒரு டேப் வேண்டும். சந்தேகமாக இருந்தால் உறையைப் பிரிக்காத புது டேப்பையே எடுங்கள். டேப்பின் தொடக்கத்தில் ஒரே ஒரு பிளாக் எழுதினாலும் போதும், அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனையும் சாதாரண வழியில் படிக்க முடியாமல் போய்விடும். பேக்கப் மென்பொருள் எழுதிவைத்த லேபிளும் சேர்ந்து போகும். ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய வோர்ம் வகை டேப்பை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். இன்னொன்று, டேப்பின் தலைமுறையும் டிரைவின் தலைமுறையும் ஒன்றாக இருக்கட்டும், எல்டிஓ-7 டிரைவில் எல்டிஓ-6 டேப்பைப் போட்டுவிட்டு எல்டிஓ-7 இன் வேகத்தோடு ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

மூன்று தொகுப்புகள் நிறுவியிருக்க வேண்டும்: எம்டி-எஸ்டி, எம்டிஎக்ஸ், எஸ்ஜி3-யூட்டில்ஸ். எல்லா லினக்ஸ் விநியோகங்களிலும் கிடைக்கும்.

டிரைவிடமே கேளுங்கள்

பலர் முதலில் எம்டி ஸ்டேட்டஸ் அடித்துப் பார்த்து ஏமாறுவார்கள். அது டேப்பின் நிலை, பிளாக் அளவு, டென்சிட்டி குறியீடு எல்லாம் காட்டும். எல்டிஓவில் டென்சிட்டி குறியீடு தலைமுறையைத்தான் சொல்கிறது, கம்ப்ரஷனைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது.

கேட்க வேண்டிய ஆள் டேப்இன்ஃபோ. இது எம்டிஎக்ஸ் தொகுப்போடு வரும், டிரைவின் எஸ்ஜி சாதனப் பெயரை (டிரைவோடு நேரடியாகப் பேச லினக்ஸ் தரும் பெயர்) கொடுத்து இயக்க வேண்டும். எந்த எஸ்ஜி எண் என்று தெரியாவிட்டால் எல்எஸ்ஸ்கசியை ஜி விருப்பத்தோடு இயக்கினால் ஒவ்வொரு சாதனத்துக்கும் எதிரே அதைக் காட்டிவிடும். டேப்இன்ஃபோவின் வெளியீட்டில் மூன்று வரிகளைத் தேடுங்கள். டேட்டா-கம்ப்-கேபபிள் என்ற வரி, டிரைவுக்கு அந்தத் திறன் இருக்கிறதா என்பது. டேட்டா-கம்ப்-எனேபிள்டு என்பதுதான் நமக்கு வேண்டியது, எழுதும்போது சுருக்குகிறதா என்பதைச் சொல்லும். மூன்றாவது டேட்டா-டிகம்ப்-எனேபிள்டு, படிக்கும்போது விரிப்பதைப் பற்றியது. மூன்றுக்கும் "யெஸ்" வந்தால் முதல் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. இந்தத் தகவல் டிரைவின் 0எஃப் என்ற மோடு பக்கத்திலிருந்து (டிரைவ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் பட்டியல்) நேரடியாக வருகிறது, மென்பொருளின் நினைப்பு அல்ல, அதனால் நம்பலாம்.

ஏன் பாதி பதில்? இது இந்த நிமிடத்தின் நிலை. ராத்திரி பேக்கப் ஓடும்போது மென்பொருள் இதை அணைத்துவிட்டு எழுதலாம். அதைப் பிறகு பார்ப்போம்.

"நோ" என்று வந்தால், டேப்பை உள்ளே வைத்து முதலிடத்துக்குச் சுற்றிவிட்டு, எம்டி கட்டளையில் கம்ப்ரஷன் 1 என்று கொடுங்கள், மறுபடி டேப்இன்ஃபோ. இப்போது "யெஸ்" ஆக வேண்டும். மிகப் பழைய சில டிரைவ்கள், எக்ஸாபைட்டின் 8 மிமீ வகை போன்றவை, இந்தக் கட்டளைக்குக் கட்டுப்படாது. அவற்றில் கம்ப்ரஷனைத் தேர்ந்தெடுப்பதே டென்சிட்டி குறியீட்டால்தான்.

இரண்டு விதமான டேட்டாவை எழுதிப் பாருங்கள்

ஒரு பிட் ஆன் ஆகியிருப்பது வேறு, வேலை நடப்பது வேறு. நேரில் பார்த்துவிடலாம். சுருங்கவே சுருங்காத டேட்டாவை ஒருமுறையும், அப்பளமாக நொறுங்கிச் சுருங்கும் டேட்டாவை ஒருமுறையும் அதே டேப்பில் எழுதி, ஆகும் நேரத்தை ஒப்பிட வேண்டும்.

சுருங்கும் டேட்டாவுக்கு, பூஜ்யங்களை மட்டுமே தரும் டெவ்-சீரோ போதும். சுருங்காததற்கு, ரேண்டம் டேட்டா தரும் டெவ்-யூரேண்டமை நேரடியாக டேப்புக்குத் திருப்பிவிடத் தோன்றும், அதைச் செய்யாதீர்கள். பழைய கர்னல்களில் அது உருவாக்கும் வேகம் டேப் எழுதும் வேகத்தைவிடக் குறைவாக இருக்கலாம், அப்போது நீங்கள் அளப்பது சிபியுவை, டேப்பை அல்ல. அதற்குப் பதில் யூரேண்டமிலிருந்து 1 ஜிபி கோப்பு ஒன்றை ரேம் டிஸ்கில் உருவாக்கி அதையே திரும்பத் திரும்ப அனுப்புங்கள். ஒரே கோப்பு மறுபடி மறுபடி வந்தால் டிரைவ் அதைக் கண்டுபிடித்துச் சுருக்கிவிடாதா? விடாது. அது திரும்பிப் பார்க்கும் தூரம் அதிகபட்சம் 16 கேபி, 1 ஜிபிக்கு முன்னால் வந்ததை அதற்கு நினைவில்லை. (டேப்பின் சுருக்கம் ஜிஜிப் அளவுக்குக்கூட வராமல் போவதற்கும் இதே காரணம்தான், ஜிஜிப் 32 கேபி திரும்பிப் பார்க்கும்.)

டிடி கட்டளையில் பிளாக் அளவு 256 கேபி, எண்ணிக்கை 80000 என்று வைத்தால் மொத்தம் ஏறக்குறைய 21 ஜிபி. இதைவிடக் குறைக்காதீர்கள். டிரைவுக்குள்ளேயே சில நூறு எம்பிக்கு மேல் பஃபர் இருக்கிறது, 2 ஜிபி எழுதிவிட்டு வேகம் பார்த்தால் அந்த பஃபரின் வேகமும் அதில் கலந்துவிடும். திரும்பச் சுற்றாத சாதனப் பெயரையே, அதாவது என்எஸ்டி0 போன்றதையே பயன்படுத்துங்கள், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்பு நீங்களே ரீவைண்டு செய்துகொள்ளுங்கள். சுற்றும் நேரம் கணக்கில் சேராமல் இருக்கும்.

எல்டிஓ-6 ஐ எடுத்துக்கொள்வோம். சுருக்கமில்லாத வேகம் நொடிக்கு 160 எம்பி, சுருக்கத்தோடு அதிகபட்சம் 400 எம்பி. 21 ஜிபி ரேண்டம் டேட்டா 130 நொடி வாக்கில் முடியும். அதே 21 ஜிபி பூஜ்யங்கள் கம்ப்ரஷன் ஆன் ஆகியிருந்தால் 55 நொடிக்குப் பக்கத்தில் முடிந்துவிடும், அணைந்திருந்தால் அதுவும் 130 நொடியே எடுக்கும். மற்ற தலைமுறைகளுக்கு: எல்டிஓ-5 நொடிக்கு 140 எம்பி, எல்டிஓ-7 300 எம்பி. எல்டிஓ-8 இல் முழு உயர டிரைவ் 360, அரை உயரம் 300.

ரேண்டமும் பூஜ்யமும் ஒரே நேரம் எடுத்தால் அவசரப்பட்டு கம்ப்ரஷன் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். இரண்டு வேகமும் டிரைவின் சுருக்கமில்லாத வேகத்துக்குச் சமமாக இருந்தால் மட்டுமே அந்த முடிவு சரி. இரண்டும் அதைவிடக் குறைவாக, உதாரணமாக எல்டிஓ-6 இல் இரண்டுமே 90 எம்பி என்று வந்தால், தடை வேறெங்கோ இருக்கிறது: பிளாக் அளவு சிறியதாக இருக்கலாம், டிரைவை சர்வரோடு இணைக்கும் எஸ்ஏஎஸ் கார்டு மோசமான ஸ்லாட்டில் இருக்கலாம், கேபிள் சரியில்லாமல் இணைப்பு குறைந்த வேகத்தில் ஏற்பட்டிருக்கலாம். அந்த நிலையில் வேகச் சோதனை கம்ப்ரஷனைப் பற்றி எதையும் சொல்லாது. அமாண்டா பேக்கப்போடு வரும் அம்டேப்டைப் கருவியை சி விருப்பத்தோடு இயக்கினால் கம்ப்ரஷன் இருக்கிறதா என்று சில நிமிடங்களில் சொல்லும், வசதியானதுதான், ஆனால் அதுவும் ஊகித்துச் சொல்வதே. அதன் பதிலை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

கவுன்ட்டர்கள் பொய் சொல்லாது

வேகத்தைவிட நல்ல சாட்சி டிரைவின் உள்ளேயே இருக்கிறது. எல்டிஓ-5 முதல் 1பி என்ற லாக் பக்கம் (டிரைவ் தன் கணக்குகளைப் பதிவுசெய்யும் பட்டியல்) முழுக்க முழுக்க கம்ப்ரஷனுக்கென்றே உள்ளது. அதற்கு முந்தைய டிரைவ்களில் இதே வேலையை 32 என்ற பக்கம் செய்தது. இரண்டும் பதினாறடிமான எண்கள், கொடுக்கும்போது முன்னால் வழக்கமான பூஜ்யம்-எக்ஸ் சேர்த்துக்கொள்ளுங்கள். எஸ்ஜி-லாக்ஸ் கட்டளையில் பக்க எண்ணாக 1பி கொடுத்தால் விளக்கத்தோடு அச்சிட்டுத் தரும்.

அதில் படிப்பதற்கும் எழுதுவதற்கும் தனித்தனி வரிகள் இருக்கும். எழுதுவதற்கு மூன்றைப் பாருங்கள். சர்வரிலிருந்து வந்த மெகாபைட், டேப்பில் எழுதிய மெகாபைட், அப்புறம் எழுதும் சுருக்க விகிதம். விகிதம் 100 ஆல் பெருக்கிய எண்ணாக வரும், 210 என்றால் 2.1, 100 என்றால் சுருக்கமே இல்லை. சர்வரிலிருந்து 512000 வந்து டேப்புக்கு 243800 போயிருந்தால் வகுத்துப் பாருங்கள், 2.1. விகித வரியைவிட இந்த இரண்டு எண்களை எடுத்து நீங்களே வகுப்பதையே நான் பரிந்துரைப்பேன், அதுவும் வேலைக்கு முன்பு ஒருமுறை, பின்பு ஒருமுறை எடுத்து வித்தியாசத்தை வகுக்க வேண்டும். கவுன்ட்டர்களில் பழைய வேலையின் எண்கள் தங்கியிருந்தாலும் கணக்கு தப்பாது.

பூஜ்யச் சோதனைக்குப் பிறகு டேப்பில் எழுதிய அளவு சர்வரிலிருந்து வந்ததில் சிறு துளியாக இருக்க வேண்டும். ரேண்டம் சோதனைக்குப் பிறகு இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். கண்ணில் படும் அளவுக்கு வீங்கக் கூடாது, ஏனென்றால் எல்டிஓ பயன்படுத்தும் எஸ்எல்டிசி என்ற சுருக்க முறையில் சுருங்காத டேட்டா வந்தால் அதை அப்படியே கடத்திவிடும் இரண்டாவது வழி ஒன்று இருக்கிறது, சில்லு தானாகவே அதற்கு மாறிக்கொள்ளும். ஆகவே எல்டிஓவில், ஏற்கெனவே சுருக்கிய டேட்டாவுக்கு ஹார்டுவேர் கம்ப்ரஷனை அணைத்தாக வேண்டும் என்ற அறிவுரைக்கு அவசியம் இல்லை. அது டேட் (டிஏடி) போன்ற பழைய டிரைவ்களின் காலத்து அறிவுரை.

இன்னொரு சாட்சியும் உண்டு. டேப்இன்ஃபோவின் கடைசிப் பகுதியில் பார்ட்டிஷன் 0 இல் மீதமுள்ள அளவு வரும். 21 ஜிபி ரேண்டம் எழுதினால் அது ஏறக்குறைய அவ்வளவே குறையும், 21 ஜிபி பூஜ்யம் எழுதினால் அசைந்த மாதிரியே தெரியாது. அலகைப் பார்த்து மட்டும் குழம்பாதீர்கள். கேபி என்று அச்சிட்டிருக்கும், எண்ணோ எல்டிஓ-4 இல் 8 லட்சம் வாக்கில் இருக்கும். 800 ஜிபி டேப்பில் 8 லட்சம் என்றால் அது எம்பி.

சரி, டிரைவ் நன்றாக இருக்கிறது. பிறகு ஏன் டேப் சீக்கிரம் நிறைகிறது?

பெரும்பாலானோர் வந்து நிற்கும் இடம் இதுதான். உங்கள் உண்மையான பேக்கப் வேலை ஒன்றை ஓட்டுங்கள், முன்னும் பின்னும் 1பி பக்கத்தை எடுங்கள். விகிதம் 1.0 என்றால் இரண்டில் ஒன்று: மென்பொருள் கம்ப்ரஷனை அணைக்கிறது, அல்லது டேட்டா ஏற்கெனவே சுருங்கி வருகிறது. வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே டேப்இன்ஃபோவை ஒருமுறை இயக்கினால் எது என்று தெரிந்துவிடும். சாதனம் பிஸி என்று மறுத்தால் வேலை முடிந்து டேப் வெளியே வருவதற்குள் பாருங்கள்.

டேட்டாதான் காரணம் என்றால் வழக்கமான குற்றவாளிகள் இவர்கள். முதலாவது, மென்பொருளே சுருக்கிவிடுவது. வீம் போன்ற பேக்கப் மென்பொருள்கள் டிஸ்கில் பேக்கப் கோப்பை உருவாக்கும்போதே இயல்பாகச் சுருக்கிவிடுகின்றன, அந்தக் கோப்பு டேப்புக்குப் போகும்போது பிழிந்த கரும்புதான், இனி சாறு வராது. இரண்டாவது, என்கிரிப்ஷன். மென்பொருள் அளவில் என்கிரிப்ட் செய்த டேட்டா பார்வைக்கு ரேண்டம் மாதிரியே இருக்கும், ஒரு பைட்கூடச் சுருங்காது. என்கிரிப்ஷன் கட்டாயம் வேண்டும், சுருக்கமும் வேண்டும் என்றால் அந்த வேலையை டிரைவிடம் கொடுங்கள். எல்டிஓ-4 முதல் டிரைவிலேயே ஏஇஎஸ்-256 இருக்கிறது, அது முதலில் சுருக்கிவிட்டு அப்புறம்தான் என்கிரிப்ட் செய்கிறது. மூன்றாவது, கோப்புகளின் இயல்பு: ஜேபெக், வீடியோ, எம்பி3, ஜிப். நவீன ஆபீஸ் கோப்புகளும் உள்ளுக்குள் ஜிப்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். மூலக் கோப்பு முறைமையில் சுருக்கம் ஆன் ஆகியிருந்தால் (இசட்எஃப்எஸ் மாதிரி) அது டேப்பைப் பாதிக்குமா? கோப்புகளாகப் படித்தால் பாதிக்காது, படிக்கும்போதே விரிந்துதான் வருகிறது. இசட்எஃப்எஸ் செண்டை சி விருப்பத்தோடு ஓட்டி அந்த ஓடையை டேப்புக்கு அனுப்பினால் பாதிக்கும், அது சுருங்கிய நிலையிலேயே வருகிறது. எதிர்ப்பக்கமும் உண்டு: பெரும்பகுதி காலியாக இருக்கும் மெய்நிகர் இயந்திரத்தின் டிஸ்க் இமேஜை அப்படியே எழுதினால் அதிலுள்ள பூஜ்யங்களால் விகிதம் 5, 6 என்று எகிறும். அதைப் பார்த்து மகிழ்ந்து அடுத்த வருடத்துக்கான டேப் கொள்முதலைக் குறைத்துவிடாதீர்கள்.

மென்பொருள் சுருக்கமா, ஹார்டுவேர் சுருக்கமா என்று கேட்டால், டேட்டா நேராக டேப்புக்குப் போகிறது என்றால் ஹார்டுவேர் என்பேன். சிபியு மிச்சம், வேகமும் குறையாது. நடுவில் டிஸ்க் அல்லது மெதுவான நெட்வொர்க் இருந்தால் மென்பொருளே சுருக்கட்டும்.

அமைப்பு நிலைத்து நிற்கவில்லை என்றால்

காலையில் "யெஸ்", மறுநாள் "நோ" என்று வந்தால் ரீபூட்டுக்குப் பிறகோ டேப் மாறிய பிறகோ இயல்பு நிலை திரும்புகிறது என்று பொருள். எம்டியின் கம்ப்ரஷன் கட்டளை தற்காலிகமானது. டெஃப்கம்ப்ரஷன் 1 என்று ரூட் ஆகக் கொடுத்தால் லினக்ஸின் டேப் டிரைவரான எஸ்டி அதை இயல்பாக எடுத்துக்கொள்ளும். ரீபூட்டையும் தாண்டி நிற்க வேண்டுமென்றால் அந்த அமைப்புகளை ஏற்றும் எஸ்டிஇனிட் கருவியின் அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும்.

அதில் ஒரு பொறி இருக்கிறது. லினக்ஸில் ஒவ்வொரு டேப் டிரைவுக்கும் நான்கு மோடுகள் உண்டு: என்எஸ்டி0, அதன் பின்னால் எல், எம், ஏ என்று ஓர் எழுத்து சேர்ந்த மற்ற மூன்று. நான்குக்கும் இயல்பு அமைப்புகள் தனித்தனி. நீங்கள் என்எஸ்டி0 வில் சோதித்து எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள், பேக்கப் மென்பொருள் எல் என்ற பெயரைத் திறந்துகொண்டிருக்கும். மென்பொருளின் அமைப்பில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதே பெயரில் சோதியுங்கள்.

எல்டிஎஃப்எஸ் (டேப்பை டிஸ்க் போலக் கோப்புகளோடு காட்டும் முறை) பயன்படுத்துபவர்களுக்கு விஷயம் டேப்போடு போகிறது. எம்கேஎல்டிஎஃப்எஸ் மூலம் ஃபார்மேட் செய்யும்போது கம்ப்ரஷன் இயல்பாக ஆன், யாராவது வேண்டாம் என்ற விருப்பத்தைக் கொடுத்திருந்தால் அந்த டேப்புக்கு ஆஃப். அது டேப்பின் லேபிளிலேயே பதிவாகிறது. ஒரு டேப் மட்டும் சீக்கிரம் நிறைகிறது, மற்றவை சரி என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

மற்ற இயங்குதளங்களில், ஃப்ரீபிஎஸ்டியில் எம்டி ஸ்டேட்டஸே கம்ப்ரஷனையும் சேர்த்துக் காட்டிவிடும். சோலாரிஸில் சாதனப் பெயரின் எழுத்துகளே தீர்மானிக்கின்றன, சி இருந்தால் சுருக்கம். ஏஐஎக்ஸில் எல்எஸ்ஏடிடிஆர் கட்டளையில் டிரைவின் பண்புகளைப் பார்த்தால் கம்ப்ரெஸ் என்ற வரி இருக்கும், மாற்றுவது சிஎச்டெவ் மூலம். விண்டோஸில் பேக்கப் மென்பொருளின் டிரைவ் அல்லது மீடியா பூல் அமைப்பில்தான் தேட வேண்டும், எண்களைப் பார்க்க டிரைவ் தயாரிப்பாளரின் சோதனைக் கருவியை இறக்கிக்கொள்ளுங்கள்.

ஆன் செய்த பிறகு வேகம் குறைந்ததா?

இது முரணாகத் தோன்றும், ஆனால் நடக்கும். டிரைவ் டேப்பை ஓட்டும் வேகத்தை ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. டேட்டா அதற்கும் மெதுவாக வந்தால் டேப்பை நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி ஓட விடும். சுருக்கம் 2 மடங்கு நடந்தால் டேப்புக்குப் போகும் டேட்டா பாதியாகிவிடுகிறது, அப்படியானால் டேப் நிற்காமல் ஓட உங்கள் சர்வர் இரண்டு மடங்கு வேகத்தில் ஊட்ட வேண்டும். முன்பு நொடிக்கு 80 எம்பி கொடுத்து ஒப்பேற்றிய சர்வர் இப்போது திணறும். டிரைவுக்கு அருகில் நின்றால் அந்த நிற்பதும் ஓடுவதும் காதில் கேட்கும். இதற்குத் தீர்வு கம்ப்ரஷனை அணைப்பது அல்ல, வேகமான டிஸ்கில் முதலில் சேர்த்துவிட்டு அங்கிருந்து டேப்புக்கு அனுப்புவது, பிளாக் அளவைக் கூட்டுவது, அல்லது பல வேலைகளை ஒன்றாகக் கலந்து ஒரே டிரைவுக்கு விடுவது.

முன்பு சுருக்கமில்லாமல் எழுதிய டேப்புகள் என்னவாகும் என்ற பயம் வேண்டாம். எல்டிஓவில் ஒரே டேப்பில் சுருங்கியதும் சுருங்காததும் கலந்து இருக்கலாம், படிக்கும்போது டிரைவ் தானே பிரித்தறிந்துகொள்ளும். கம்ப்ரஷன் அணைந்த நிலையில் இருந்தாலும் சுருங்கிய டேப்பைப் படித்துவிடும்.

பேக்கப் வேலை முடிந்ததும் ஓடும் ஸ்கிரிப்டில் 1பி பக்கத்தை எடுத்துத் தேதியோடு ஒரு கோப்பில் சேர்க்கும் ஒரு வரியைப் போட்டுவையுங்கள். டேப்பை வெளியே தள்ளும் கட்டளைக்கு முன்னால் அந்த வரி இருக்கட்டும். டிரைவை மாற்றினாலும், ஃபர்ம்வேர் ஏற்றினாலும், யாராவது மென்பொருளில் என்கிரிப்ஷனை ஆன் செய்துவிட்டு உங்களிடம் சொல்லாமல் போனாலும் மறுநாள் காலையிலேயே 2.1 என்பது 1.0 ஆகியிருப்பதைப் பார்த்துவிடலாம்.